சித்திரைக்கு வேண்டாம், சோழகத்துக்கு வாங்கலாம்: ஒரு 50 லீற்றர் எயர் கூலர்

எயர் கூலர் வாங்கலாமா என்று வன்னியில் இருந்து யாராவது கேட்டால், எந்த மாதத்து வெக்கைக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். பங்குனி, சித்திரைப் புழுக்கத்துக்கு என்றால் காசை வீணாக்க வேண்டாம். வைகாசிக்குப் பிறகு சோழகம், அதுதான் தென்மேற்குக் காற்று, பிடித்து ஆவணி வரைக்கும் காய்ச்சி எடுக்கிறதே, அந்த வெக்கைக்கு என்றால் தாராளமாக வாங்கலாம். இரண்டையும் இந்தப் பெட்டியோடு இருந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கடைகளில் இந்த வித்தியாசத்தைச் சொல்லமாட்டார்கள். அவர்களுக்குச் சித்திரையில்தான் வியாபாரம்.

நான் தருமபுரத்தில் வீட்டில் வைத்துத் தைக்கிறேன். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு ஓட்டு வீடு. தையல் அறை பிறகு நாங்களாகப் பக்கத்தில் இறக்கியது, மேலே தகரம். மத்தியானம் கழிய அந்தத் தகரத்துக்குக் கீழே இரண்டு தையல் மெசின், ஒரு ஓவர்லொக், ஒரு அயன் பெட்டி, நான். ஃபானைப் போட்டால் வெட்டி அடுக்கின துணியெல்லாம் எழும்பிப் பறக்கும். நிற்பாட்டினால் மூக்கு நுனியில் இருந்து வியர்வை நேரே பள்ளிக்கூட யூனிஃபோமில் சொட்டும். வெள்ளைத் துணியில் அது காய்ந்தால் மஞ்சள் வட்டம் விழும், தோய்த்துத்தான் கொடுக்கவேண்டும். சோழக மாதங்களில் இன்னொரு கரைச்சலும் இருக்கிறது. அறையின் வெப்பநிலை 35 பாகையைத் தாண்டினால் ஃபான் காற்றே சுடும். எங்கள் தோலின் வெப்பநிலை கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதைவிடச் சூடான காற்றை எவ்வளவு வேகமாக அடித்தாலும் அது சூட்டைத்தான் கொண்டுவரும். வியர்வை காய்வதால் வரும் குளிர்மை மட்டும்தான் மிச்சம்.

ஏசி போடலாமே என்றால், தகரக் கூரைக்கும் நாலு பக்கமும் இடைவெளி உள்ள சுவருக்கும் ஏசி போடுவது வெளியைக் குளிராக்குகிற வேலை. சரி, கூலர் ஒன்று எடுப்போம் என்று கிளிநொச்சி ரவுணுக்குப் போனேன்.

48,000 ரூபா. 50 லீற்றர் தொட்டி, 180 வோற்ஸ், மூன்று வேகம், மூன்று பக்கமும் தேன்கூடு மாதிரிக் கண் வைத்த தவிட்டு நிற அட்டை. கீழே நாலு சில்லு. கடைக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குளிருக்குள் வைத்துக் கூலரைப் போட்டுக் காட்டினால் எந்தப் பெட்டியும் நல்ல பெட்டிதான். வெளியில், கடை வாசலில் வைத்துப் போட்டுக் காட்டச் சொன்னேன். கடைத் தம்பிக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் வயரை இழுத்துக்கொண்டு வந்து போட்டான். பிறகு புத்திமதி சொன்னான்.

"அக்கா, கதவு யன்னல் எல்லாத்தையும் பூட்டிப்போட்டுப் போடுங்கோ. அப்பிடியே ஏசி மாதிரி இருக்கும்."

"பூட்டினால் ஈரம் எங்காலை தம்பி வெளியிலை போறது?"

"கொம்பனியாலை அப்பிடித்தான் சொல்லுறாங்கள் அக்கா."

எந்தக் கொம்பனி அப்படிச் சொல்கிறதோ தெரியாது, பெட்டிக்குள் இருந்த கைநூலில் யன்னலைத் திறந்து வைக்கும்படிதான் படம் போட்டிருந்தது. உயர்தரத்தில் புவியியல் படித்தது தையல்காரிக்கு உதவும் என்று யார் கண்டது. ஈரக்குமிழ் வெப்பமானி, உலர்குமிழ் வெப்பமானி என்று ரீச்சர் கரும்பலகையில் கீறிக் காட்டியது அன்றைக்குக் கடை வாசலில் ஞாபகம் வந்தது.

விசயம் இதுதான். கூலருக்குள் குளிரூட்டுகிற வாயுவோ கொம்பிரசரோ இல்லை. ஒரு சின்னப் பம் தண்ணியை மேலே ஏற்றி அட்டையில் வடியவிடும், பின்னால் இருந்து ஃபான் காற்றை அந்த ஈர அட்டைக்குள்ளால் இழுக்கும். தண்ணி ஆவியாகும், ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைக் காற்றில் இருந்து எடுக்கும், காற்று குளிரும். மண்பானைத் தண்ணி குளிர்வதும் இதே வழியால்தான். ஒரு லீற்றர் தண்ணி ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பம் வேண்டும். என்னுடைய 1000 வோற்ஸ் அயன் பெட்டி 40 நிமிடம் இடைவிடாமல் எரிந்தால் எவ்வளவு சூடு வருமோ அவ்வளவு. சோழகப் பின்னேரத்தில் என்னுடைய கூலர் மணித்தியாலத்துக்கு மூன்று, நாலு லீற்றர் குடிக்கிறது. 180 வோற்ஸ் கரண்டுக்கு அது பெரிய வேலை.

ஆனால் காற்று வறண்டிருந்தால்தான் தண்ணி ஆவியாகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அட்டை நனைந்தபடியே கிடக்கும், ஃபான் அந்த ஈரத்தைத்தான் எங்கள் மேல் அடிக்கும். அறையைப் பூட்டினாலும் இதுதான் நடக்கும். முதல் பத்து நிமிடம் நன்றாக இருக்கும். பிறகு உள்ளே இருக்கிற அதே காற்று சுற்றிச் சுற்றி வந்து ஈரத்தால் நிறைந்துவிடும், அதற்குப் பிறகு புழுக்கம்தான். என்னுடைய கூலர் நிற்பது மேற்குப் பக்க யன்னலுக்கு முன்னால், முதுகை வெளியே காட்டிக்கொண்டு. எதிர்ப்பக்கக் கதவு திறந்தபடி. சோழகமே காற்றை அதற்குள் தள்ளிவிடும்.

முதல் நாள் போட்டதைச் சொல்லவேண்டும். பம் சுவிச்சை அமத்தியதும் மேலே இருந்து தண்ணி இறங்கும் சத்தம் கேட்கும், ஆனால் காற்றில் ஒன்றும் தெரியாது. அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தால், தவிட்டு நிறம் ஒரு மூலையில் இருந்து கறுத்துக்கொண்டு வரும். முழுக்கக் கறுக்க ஐந்து, ஆறு நிமிடம் எடுக்கும். அதற்குப் பிறகுதான் வருகிற காற்று மாறும். அதனால் முதலில் பம்மை மட்டும் போட்டு அட்டையை ஊறவிட்டு, பிறகு ஃபானைப் போடுவது நல்லது. புது அட்டை நனைந்த காட்போர்ட் பெட்டி மாதிரி மணக்கும். ஒரு கிழமையில் போய்விடும்.

வெப்பநிலையும் ஈரப்பதனும் காட்டுகிற சின்ன மணிக்கூடு ஒன்று 1,500 ரூபாவுக்கு வாங்கி அறையில் வைத்திருக்கிறேன். கூலருக்குச் செலவழிக்கிறவர்கள் இதையும் வாங்குங்கள். ஆனியில், பின்னேரம் இரண்டு மணியளவில், சோழகம் வேலியை ஆட்டிக்கொண்டிருக்கும்போது அது 36 பாகையும் 45 சதவீத ஈரப்பதனும் காட்டியது. அப்போது கூலர் வாயில் 29, 30 பாகை. ஆறேழு பாகை குறைவு என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். வெட்டுமேசையில் குனிந்து நின்றால்தான் அதன் அருமை தெரியும். சித்திரையில் ஒரு பின்னேரம், மழை வருமாப்போல் மூட்டம், ஒரு இலை அசையவில்லை. மணிக்கூட்டில் 33 பாகை, 72 சதவீதம். கூலர் வாயில் 30 பாகைக்குக் கீழே இறங்கவே இல்லை, கை வைத்த இடமெல்லாம் பிசுபிசுத்தது. தொட்டியில் தண்ணியும் பெரிதாகக் குறையவில்லை. மணிக்கூடு இல்லாதவர்களுக்குத் தொட்டியே போதும்: தண்ணி விறுவிறு என்று குறைந்தால் கூலர் வேலை செய்கிறது, குறையாவிட்டால் நீங்கள் வைத்திருப்பது 48,000 ரூபா ஃபான்.

வாங்க முதலே உங்கள் வீட்டில் இதைப் பரிசோதிக்கலாம். சாதாரண வெப்பமானி ஒன்றின் குமிழில் நனைத்த பருத்தித் துணியைச் சுற்றி, ஃபானுக்கு முன்னால் பிடித்து, எண் இறங்கி ஒரு இடத்தில் நிற்கும்வரை பொறுங்கள். ரீச்சர் சொன்ன ஈரக்குமிழ் வெப்பநிலை அதுதான். எந்தக் கூலராலும் அந்த எண்ணுக்குக் கீழே போகமுடியாது. துணி சுற்றாமல் 36, சுற்றினால் 26 என்றால் இடைவெளி பத்து. நல்ல அட்டை உள்ள கூலர் இடைவெளியில் முக்கால்வாசி இறக்கும். என்னுடையது மூன்றில் இரண்டு பங்கு இறக்குகிறது. இடைவெளி நாலைந்துதான் என்றால் கடைக்குப் போகவேண்டாம்.

இரண்டு வெக்கையும் ஏன் இப்படி வேறு வேறு? சித்திரையில் சூரியன் நேர் உச்சியில். வருஷப் பிறப்பை ஒட்டித்தான் கிளிநொச்சிக்கு நேர் மேலே வரும். (ஓகஸ்ட் கடைசியில் திரும்பிப் போகும்போது இன்னொரு தரம் வரும்.) அந்த நேரம் வாடைக்காற்று ஓய்ந்துவிடும், சோழகம் இன்னும் தொடங்கியிராது. காற்றோட்டம் இல்லை, ஈரம் போக வழியில்லை, பின்னேரம் இடி மின்னலோடு ஒரு மழை பெய்தால்தான் தீரும். வளிமண்டலவியல் திணைக்களம் மாவட்டம் மாவட்டமாக வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடுவதும் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான். அந்தச் சுட்டெண் வெறும் வெப்பநிலை இல்லை. ஈரப்பதனையும் சேர்த்து, உடம்புக்கு எவ்வளவு சூடாகப் படும் என்று போடுகிற கணக்கு. கூலர் அங்கே வெப்பநிலையில் இரண்டு மூன்று பாகையைக் குறைத்து, ஈரத்தை ஏற்றி, குறைத்ததில் பெரும்பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

சோழகம் வேறு சாதி. வற்றாப்பளை அம்மன் பொங்கல் வைகாசியில் வரும். அந்த நாட்களில் எங்கள் பக்கம் தென்மேற்குக் காற்று இறுகத் தொடங்கிவிடும். பாலைப்பழம் வருவதும் அந்தக் காலம்தான். இதே காற்றுத்தான் மலைநாட்டின் மேற்குச் சரிவில் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் விடாமல் கொட்டுவது. அங்கே மலை அதை மேலே தள்ளுகிறது, மேலே போய்க் குளிர்ந்து மழையாகிறது. வன்னி தட்டையான நிலம், காற்றைத் தூக்கிவிட எதுவும் இல்லை. கடலில் இருந்து கொண்டுவந்த ஈரத்தைக் கொட்டாமலே எங்களைத் தாண்டிப் போய்விடும். போகிற வழியில் காய்ந்த தரை அதை இன்னும் சூடாக்கும், சூடாக ஆக ஈரப்பதன் வீதம் விழும். எங்கள் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வந்து முடிந்துவிடுகிறது. ஆடியில் மேல்மண்ணில் ஈரமே இராது. ஈரமான நிலத்தில் வெயிலின் ஒரு பங்கு தண்ணியை ஆவியாக்கப் போகும். காய்ந்த நிலத்தில் அவ்வளவும் சூடாகத்தான் மாறும்.

அதே சோழகத்திலும் எல்லா இடமும் ஒன்றில்லை. முரசுமோட்டையில் பெரியம்மா வீடு இரணைமடு வாய்க்கால் பாய்கிற வயல் ஓரத்தில் இருக்கிறது. சிறுபோகம் செய்த வருஷம் மணிக்கூட்டை அங்கே கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். ஈரப்பதன் எங்கள் வீட்டைவிடப் பத்துச் சதவீதத்துக்கு மேல் கூட, வெப்பமும் கொஞ்சம் குறைவு. அப்படியான வீட்டுக்குக் கூலர் அவசியமில்லை, போட்டாலும் என்னுடையது மாதிரி இறங்காது. பெரியம்மா அந்த மணிக்கூட்டையே சந்தேகமாகத்தான் பார்த்தா. "மரத்துக்குக் கீழை பாயைப் போட்டால் முடிஞ்சுது, இதுக்கு ஒரு மெசினோ" என்றா. அவவுக்கு முற்றத்தில் இரண்டு வேம்பு நிற்கிறது, சொல்லலாம்.

இரவில் நான் இதைப் போடுவதில்லை. பொழுதுபட்டு வெப்பநிலை இறங்க ஈரப்பதன் தானாகவே ஏறிவிடும். யன்னலுக்கு நுளம்பு வலை அடித்து, ஃபானைப் போட்டுக்கொண்டு படுத்தால் போதும்.

இனிக் குறைகளுக்கு வருவோம். முதலாவது தண்ணி. எங்கள் கிணற்றுத் தண்ணியில் கல்சியம் கூட. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு ஒரு மாதத்துக்குள் அட்டையின் விளிம்பில் வந்துவிட்டது. தண்ணி மட்டும்தான் ஆவியாகும், உப்பும் கல்சியமும் தொட்டியிலேயே தங்கும். வற்ற வற்ற மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால் தொட்டித் தண்ணி நாளுக்கு நாள் தடிக்கும். அதனால் மேலே ஊற்றுவதோடு நிற்காமல், இரண்டு நாளைக்கு ஒருக்கால் அடி அடைப்பானைத் திறந்து முழுக்க வடியவிட்டு, துடைத்து, புதுத் தண்ணி விடுகிறேன். வடிகிற தண்ணி வாழைக்குப் போகிறது. டெங்குக்கும் இதுதான் மருந்து. முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். மூடி உள்ள தொட்டிதானே என்று விடவேண்டாம், அட்டைக்கும் பெட்டிக்கும் நடுவில் நுளம்பு போகத் தாராளமாக இடம் இருக்கிறது. படிந்த வெள்ளைக்கு, வினாகிரி கலந்த தண்ணியில் அட்டையை அரை மணித்தியாலம் ஊறவிட்டு மெல்லிய தூரிகையால் தட்டினால் பெரும்பகுதி போகும். இறுக்கித் தேய்த்தால் அட்டை கிழியும். குடிக்க வாங்குகிற ஆர்.ஓ. தண்ணியை இதற்குள் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்களாம். காசு கூடினவர்கள்.

இரண்டாவது புழுதி. சோழகத்தோடு வருகிற புழுதி முழுவதும் ஈர அட்டையில் ஒட்டும். அறைக்குள் புழுதி குறைந்தது, அது லாபம். ஆனால் தொட்டித் தண்ணி பின்னேரத்துக்குள் தேத்தண்ணி நிறமாகிவிடும், பம்மின் வாயில் சேறு அடைக்கும். பழைய நைலோன் சீலைத் துண்டொன்றைப் பின்பக்கக் கம்பிவலையில் கட்டிவிட்டேன். காற்று கொஞ்சம் குறைகிறது, அடைப்பு நின்றுவிட்டது.

மூன்றாவது, ஐஸ். பெட்டியோடு இரண்டு ஐஸ் டப்பாவும் தருகிறார்கள், குளிரப் பெட்டியில் உறையவைத்துத் தொட்டிக்குள் போடவாம். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது எடுக்கும் வெப்பம் 334 கிலோயூல். ஒரு லீற்றர் தண்ணி ஆவியாகும்போது எடுப்பது அதைப்போல ஏழு மடங்கு. போதாததற்கு, அந்த ஐஸை உறையவைக்கிற சூட்டைக் குளிரப் பெட்டி முதுகால் வீட்டுக்குள்ளேயே விடுகிறது. டப்பா இரண்டும் இப்போது பிள்ளைகளின் சாப்பாட்டுப் பையில் போகிறது.

நாலாவது, துணி. கூலருக்கு நேரே துணியை வைக்கவேண்டாம். அட்டை ஊறி நிற்கும்போது மூன்றாவது வேகத்தில் போட்டால் பொட்டுப் பொட்டாகத் தண்ணி தெறிக்கும். பட்டுச் சட்டைத் துணியில் ஒரு சொட்டு விழுந்தாலும் அடையாளம் நிற்கும். இரண்டாம் வேகத்தில், மெசினுக்குப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை. துணியும் பறக்காது.

கரண்ட் பில் பயந்த அளவுக்கு வரவில்லை. நாளுக்கு எட்டு மணித்தியாலம் ஓடினால் ஒன்றரை யூனிற்றுக்குக் கொஞ்சம் குறைவு, மாதத்துக்கு 43 யூனிற் அளவில். ஆனால் மாதம் 60 யூனிற்றுக்குள் ஓட்டுகிற வீட்டுக்கு இது பெரிய இடி. 60ஐத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறும், முதல் யூனிற்றில் இருந்து விலை வேறு, நிலையான கட்டணமும் வேறு. தையல் மெசினும் அயனும் இருக்கிறபடியால் நாங்கள் எப்போதோ அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டோம். தாண்டாதவர்கள் வாங்க முதல் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள்.

சோழகக் காய்ச்சலில் ஆளுக்கு வியர்ப்பது தெரியாது. வருகிற வியர்வையைக் காற்று அந்தக் கணமே எடுத்துவிடும். வியர்க்கவில்லையே என்று தண்ணி குடிக்காமல் இருந்தால் பின்னேரம் தலையிடிக்கும், சலம் கடும் மஞ்சளாகப் போகும். கூலர் போட்டால் தாகம் இன்னும் தெரியாமல் போகிறது. அதனால் மெசினுக்குப் பக்கத்தில் ஒரு போத்தல் வைத்திருக்கிறேன். மோர் கிடைத்தால் மோர்.

கூலரைவிடக் கூடப் பலன் தந்த ஒரு செலவையும் சொல்லவேண்டும். தகரத்துக்கு மேலே, ஒரு சாண் இடைவெளி விட்டு, தடி பரப்பிக் கிடுகு வேய்ந்தோம். கூலர் காசில் கால்வாசிகூட வரவில்லை. தகரத்தின் கீழ்ப்பக்கத்தில் முதல் கை வைக்க ஏலாது, இப்போது வைக்கலாம். சோழகம் கிளப்பிக்கொண்டு போகாமல் குறுக்கே கம்பி இழுத்துக் கட்டவேண்டும். சித்திரைப் புழுக்கத்திலும் வேலை செய்கிற சாமான் இது. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் கிடுகு.

விற்ற பிறகு கவனிப்பதில் அந்தக் கடைக்குப் பத்துக்கு மூன்றுதான் கொடுப்பேன். சில்லு ஒன்று இரண்டாம் மாதமே உடைந்தது. 50 லீற்றர் தண்ணியோடு சீமெந்து நிலத்தில் உருட்டினால் அந்தப் பிளாஸ்ரிக் தாங்காது. வொறண்டிக் கடதாசியோடு போனேன். மோட்டருக்குத்தான் வொறண்டி, சில்லுக்கு இல்லை என்றார்கள். கடதாசியில் அப்படி ஒரு வரி இல்லை என்று காட்டினேன், முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார் என்றார்கள். முதலாளி இன்னும் வரவில்லை. பக்கத்துத் தச்சுப் பட்டறையில் பலகையில் நாலு இரும்புச் சில்லு போட்டு எடுத்தேன், அது ஆடாமல் அசையாமல் நிற்கிறது. மாற்று அட்டையும் கிளிநொச்சியில் இல்லை, யாழ்ப்பாணத்தில் இருந்து எடுப்பிக்கவேண்டும், மூன்று பக்கத்துக்கும் சேர்த்து 4,500 கேட்கிறார்கள். எங்கள் தண்ணிக்கு ஒரு அட்டை இரண்டு சோழகம் தாங்கினால் பெரிய விசயம். வாங்குகிற அன்றைக்கே கடைக்காரரிடம் அட்டையின் நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் எழுதி வாங்குங்கள். அளவு தெரிந்தால் வேறு பெயர்க் கூலரின் அட்டையையும் வெட்டிப் பொருத்தலாம்.